வாய்ப்பாடு தெரிந்த குழந்தைக்கு வகுத்தல் ஏன் வரவில்லை? நான் ஒன்றரை வருடம் தொலைத்த கதை

மகளின் துணி அலமாரியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது, அடித்தட்டில் மடித்து வைத்த சட்டைகளுக்கு அடியில் நான்காக மடித்த ஒரு தாள் கிடைத்தது. நான்காம் வகுப்புக் கணக்குத் தேர்வுத்தாள். 25க்கு 6 மதிப்பெண். முதல் வகுத்தல் கணக்கு, 618ஐ 6ஆல் வகு. 13 என்று எழுதி, அழித்து, 31 என்று எழுதி, அதையும் அழித்து, மறுபடி 13 என்றே எழுதியிருந்தாள். அழித்து அழித்து அந்த இடத்தில் தாள் கிழிந்தே போயிருந்தது. தேர்வு நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மூன்று வாரமும் "கணக்குத் தாள் இன்னும் தரலம்மா" என்று என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். எனக்குக் கோபம் வரவில்லை. ஒன்பது வயதுக் குழந்தை எனக்குப் பயந்து ஒரு தாளை ஒளித்து வைத்திருக்கிறதே என்று நெஞ்சு அடைத்தது. அன்றைக்குத்தான் நான் கற்றுக்கொடுத்த விதத்தையே திரும்பிப் பார்த்தேன். யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். வீட்டில் இதைச் சொல்லிக்கொடுக்க நான் ஒருத்திதான். கலந்து பேசவும் ஆள் இல்லை.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். மூன்றாம் வகுப்பின் நடுவில் "உங்கள் பெண் வாய்ப்பாட்டில் பின்தங்கியிருக்கிறாள்" என்று பள்ளியிலிருந்து டைரியில் ஒரு வரி எழுதி அனுப்பினார்கள். அந்த ஒரு வரி எனக்குப் போதுமானதாக இருந்தது. மறுநாள் முதல் காலை எழுந்ததும் அரைமணி நேரம் வாய்ப்பாடு. ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு, மூவேழு இருபத்தொன்று. நான் சொல்ல அவள் சொல்ல, பிறகு அவள் மட்டும். தடுமாறினால் மறுபடி முதலிலிருந்து. எட்டு மாதம் விடாமல் நடந்தது. பத்தாம் வாய்ப்பாடு வரை கடகடவென்று ஒப்பிக்கும் அளவுக்கு வந்துவிட்டாள். வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் சொல்லச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அப்புறம் நான்காம் வகுப்பில் நீள வகுத்தல் வந்தது. முழி முழி என்று முழித்தாள். வாய்ப்பாடு தெரிந்த பெண்ணுக்கு வகுத்தல் ஏன் வரவில்லை என்று எனக்குப் புரியவில்லை. கவனக்குறைவு என்று முடிவு கட்டினேன், திட்டினேன். ஒரு நாள் கையையும் ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனால் அவள் தலையைக் குனிந்து தோளை ஒடுக்கிக்கொண்ட விதம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. கணக்கு வகுப்பு இருக்கிற நாள்களில் வயிற்றுவலி என்று சொல்ல ஆரம்பித்தாள். மருத்துவரிடம் இரண்டு முறை காட்டினேன், ஒன்றுமில்லை என்றார்கள். நடிக்கிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அது நிஜமான வலி. பயம் குழந்தைக்கு வயிற்றுவலியாகவும் வரும்.

அடுத்து டியூஷன். வாரத்துக்கு நான்கு நாள், ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி நேரம், பத்து மாதம். கொடுத்த பணத்தை விடுங்கள், அவள் விளையாடியிருக்க வேண்டிய மாலைகள் போனதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அங்கே பக்கம் பக்கமாகக் கணக்குப் போடச் சொன்னார்கள். ஒரு பக்கம் முழுக்கப் பெருக்கல், அடுத்த பக்கம் முழுக்க வகுத்தல். அப்படிப் போட்டால் எல்லாம் சரியாக வரும், ஏனென்றால் என்ன செய்வது என்று யோசிக்கவே வேண்டாம், பக்கத்தின் தலைப்பே சொல்லிவிடும். தேர்வில் இரண்டும் கலந்து, அதுவும் வாக்கியக் கணக்காக வந்தால் எதைச் செய்வதென்று தெரியாது. "மொத்தம்" என்ற சொல்லைப் பார்த்தால் பெருக்குவாள், "ஒவ்வொரு" என்று வந்தால் வகுப்பாள். ஆனால் "மொத்தம்" என்ற சொல் வகுத்தல் கணக்கிலும் வரும், "ஒவ்வொரு" பெருக்கல் கணக்கிலும் வரும். இந்தக் குறுக்கு வழியை யாராவது உங்கள் குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பாதிக் கணக்கில் அது காலை வாரிவிடும்.

தேர்வுத்தாள் கிடைத்த அன்று மாலை அவளை உட்கார வைத்து, தாளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், "ஆறேழு எவ்வளவு கண்ணு?" என்று கேட்டேன். உதடு அசைந்தது. ஓரேழில் தொடங்கி ஏறிக்கொண்டே போய் நாற்பத்திரண்டு என்றாள். சரி என்று, "எட்டேழு?" என்றேன். மறுபடி ஓரேழிலிருந்து தொடங்கினாள். 42 கையில் இருக்கிறது, அதற்கு மேல் இரண்டு ஏழு சேர்த்தால் போதும் என்பது அவளுக்குத் தெரியவே இல்லை. அவளுக்கு வாய்ப்பாடு ஒரு பாட்டு. பாட்டின் நடுவில் ஒரு வரியைக் கேட்டால் நாமும் முதல் அடியிலிருந்து பாடிக்கொண்டுதான் வருவோம், இல்லையா? அதுதான் நடந்திருக்கிறது. அடுத்து, "12ஐ 3ஆல் வகு என்பதற்கு ஒரு சின்னக் கதை சொல்லு பார்க்கலாம்" என்றேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "மூணு 12ல எத்தனை தடவ போகும்னு பார்க்கணும்" என்றாள். "போகும்னா என்ன?" என்று கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. எங்கே போகும், யார் போவார்கள் என்று இத்தனை நாள் அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

இந்த இரண்டு கேள்வியையும் நீங்கள் இன்றைக்கே உங்கள் குழந்தையிடம் கேட்டுப் பாருங்கள். வாய்ப்பாட்டை நடுவிலிருந்து, ஒழுங்கு மாற்றிக் கேளுங்கள். ஒரு வகுத்தலுக்குக் கதை சொல்லச் சொல்லுங்கள், அல்லது படம் போடச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. நான் இதை மூன்றாம் வகுப்பிலேயே செய்திருந்தால் எட்டு மாதம், பத்து மாதம் என்று ஒன்றரை வருடம் போயிருக்காது. நான்காம் வகுப்பு வகுத்தல்தான் பிரச்சினை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் குறை இரண்டாம் வகுப்புப் பெருக்கலிலேயே இருந்தது.

மறுநாள் முதல் காலை வாய்ப்பாட்டை நிறுத்தினேன். டியூஷனையும் நிறுத்தினேன். தையல் டப்பாவில் இருந்த பழைய சட்டைப் பொத்தான்களை மேசையில் கொட்டினேன். மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு பொத்தான் அடுக்கச் சொன்னேன். ஒரு அட்டையின் மேல் அடுக்கினாள். அந்த அட்டையை அப்படியே கால் வட்டம் திருப்பி வைத்தேன். இப்போது நான்கு வரிசை, வரிசைக்கு மூன்று. ஒரு பொத்தான்கூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவள் அட்டையை மறுபடி திருப்பினாள், மறுபடி திருப்பினாள். "அப்போ மூநாலும் நாமூணும் ஒண்ணுதானா? ஏம்மா ரெண்டு தடவ மனப்பாடம் பண்ணச் சொன்னீங்க?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே முன்னே போனோம். ஒரு தாளில் பத்துக்குப் பத்து கட்டம் போட்டோம், நூறு கட்டம். அவளுக்கு அது மலை மாதிரித் தெரிந்தது. சுலபமானவற்றுக்கு வண்ணம் தீட்டலாம் என்றேன். ஒன்றாம் வாய்ப்பாடு, பத்தாம் வாய்ப்பாடு, இரண்டு, ஐந்து. இவை அவளுக்கு யோசிக்காமலே வரும். தீட்டி முடித்தபோது 36 கட்டம் மிச்சம். அட்டையைத் திருப்பிப் பார்த்த பாடத்தை வைத்து, இரண்டு முறை வருகிறவற்றில் ஒன்றை நீக்கினால் 21தான். ஒன்பதாம் வாய்ப்பாட்டுக்குப் பத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் போதும். பத்து ஏழு 70, அதில் ஒரு ஏழு போனால் 63. அவற்றையும் தீட்டினாள், 15 ஆனது. நான்கு என்பது இரட்டிப்பின் இரட்டிப்பு. 7ஐ இரட்டித்தால் 14, அதை இரட்டித்தால் 28. 10 ஆனது. மூன்று என்பது இரட்டிப்போடு இன்னும் ஒன்று. கடைசியில் வண்ணம் இல்லாமல் நின்றவை ஆறே ஆறு: 6×6, 6×7, 6×8, 7×7, 7×8, 8×8. "இவ்வளவுதானா?" என்று அவள் கேட்டபோது அந்தக் குரலில் இருந்த நிம்மதியை நான் மறக்கவே மாட்டேன். அந்தத் தாள் இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

மனப்பாடமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதைத் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடைசியில் 7×8 என்றால் 56 என்று நாக்கில் வரத்தான் வேண்டும், இல்லையென்றால் பெரிய வகுத்தலின் நடுவில் ஒவ்வொரு படியிலும் நின்று யோசித்து, எங்கே இருந்தோம் என்பதே மறந்துவிடும். ஆனால் பொருள் புரிந்த பிறகு மனப்பாடம் தானாகப் படிகிறது. நாங்கள் செய்தது இதுதான்: சின்னச் சின்ன அட்டைகளில் முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடமும் இல்லை. சரியாகச் சொன்ன அட்டை மறுநாள் வரும், மறுநாளும் சரி என்றால் மூன்று நாள் கழித்து வரும், அப்புறம் ஒரு வாரம் கழித்து. தவறினால் அன்றைக்கே இன்னொரு முறை. பல அட்டைகளைக் கலந்து கேட்டேன், ஒரே வாய்ப்பாடாகக் கேட்கவில்லை. கடிகாரம் வைக்கவில்லை. "சீக்கிரம், சீக்கிரம்" என்று நான் சொன்ன காலத்தில் தெரிந்ததும் அவளுக்கு மறந்துபோயிருக்கிறது. பதற்றம் வந்தால் மனதில் பிடித்து வைத்திருக்கும் எண் நழுவிவிடும். பெரியவர்களுக்கே அப்படித்தான்.

வகுத்தலுக்கு வந்தோம். இங்கேதான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். 12ஐ 3ஆல் வகு என்பதில் இரண்டு கதை இருக்கிறது. 12 பொத்தானை 3 பேருக்குச் சமமாகப் பங்கு போடுவது ஒன்று, ஆளுக்கு எத்தனை என்பது கேள்வி. 12 பொத்தானை மூன்று மூன்றாகக் கட்டுவது இன்னொன்று, எத்தனை கட்டு என்பது கேள்வி. இரண்டுக்கும் விடை 4தான், ஆனால் கையால் செய்யும் வேலை வேறு. பள்ளியில் முதலில் பங்கு போடும் கதையைச் சொல்லிவிட்டு, நீள வகுத்தல் வரும்போது சத்தமில்லாமல் "எத்தனை தடவை போகும்" என்று கட்டும் கதைக்குத் தாவிவிடுகிறார்கள். என் மகள் அந்தத் தாவலில்தான் விழுந்திருக்கிறாள். இரண்டையும் பொத்தானை வைத்து மாறி மாறிச் செய்ய வைத்தேன். நான்காம் நாள் அவளே, "போகும்னா கட்டு கட்டறதா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவ்வளவுதான், அந்தச் சொல் அவளுக்குச் சொந்தமாகிவிட்டது.

அதோடு சேர்த்து, ஒரு முக்கோணம் வரைந்து உச்சியில் 42, கீழே இரண்டு மூலைகளில் 6, 7 என்று எழுதுவோம். ஒரு மூலையை விரலால் மூடினால் மற்ற இரண்டை வைத்து மூடியதைச் சொல்ல வேண்டும். உச்சியை மூடினால் பெருக்கல், கீழே மூடினால் வகுத்தல். வகுத்தலுக்கென்று தனியாக ஒரு வாய்ப்பாடு கிடையாது, அதே மூன்று எண்கள்தான் என்பது விரல் வழியாகவே அவளுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு நாள், "இந்தப் புள்ளி வெச்ச கோடு யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டாள். முன்பென்றால் "கணக்கைப் பார்" என்று அதட்டியிருப்பேன். இருவரும் தேடிப் படித்தோம். பெருக்கல் குறியை வில்லியம் ஆட்ரெட் என்பவர் 1631இல் வெளியான தன் நூலில் பயன்படுத்தினார். புள்ளி வைத்த வகுத்தல் குறி 1659இல் யோகான் ரான் என்பவரின் நூலில் வந்தது. சில நாடுகளில் இன்றைக்கும் வகுத்தலுக்கு மேலும் கீழும் இரண்டு புள்ளி மட்டும்தான் வைக்கிறார்கள். "அதுக்கு முன்னாடி குறி இல்லாமலேயே பங்கு போட்டாங்களா?" என்றாள். போட்டார்கள்தானே? குறி பின்னால்தான் வந்தது, பங்கு முதலிலேயே இருந்தது. போடுகிற கணக்கைத் தாண்டி, ஆர்வத்தில் அவளாக வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அது. அதற்காகவே அந்த அரைமணி நேரம் எனக்குப் பெரிது.

வகுத்த பின் மிஞ்சும் மீதி என்றால் என்ன என்று புரிய ஒரு வாரம் ஆனது. 29ஐ 4ஆல் வகுத்து ஈவு 6, மீதி 5 என்று எழுதுவாள். மீதியில் இன்னொரு நான்கு ஒளிந்திருக்கிறது என்பதைப் பொத்தானில் காட்டினேன். மீதி எப்போதும் வகுக்கும் எண்ணைவிடச் சிறியதாகத்தான் இருக்கும் என்று அதன் பிறகு நான் சொல்லத் தேவைப்படவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 50 குழந்தைகள் போக வேண்டும், ஒரு வண்டியில் 12 பேர்தான் உட்காரலாம், எத்தனை வண்டி? ஈவு 4, மீதி 2 என்று எழுதினாள். அந்த இரண்டு குழந்தைகளை என்ன செய்வது என்று கேட்டேன். "அவங்களுக்கும் ஒரு வண்டி வேணும்" என்று 5 என்றாள். அதே 50ஐயும் 12ஐயும் வைத்து, 50 பென்சிலால் 12 பென்சில் பிடிக்கும் பெட்டி எத்தனை நிரம்பும் என்று கேட்டால் விடை 4. கணக்கு ஒன்று, கதைதான் மீதியை என்ன செய்வது என்று சொல்கிறது. வாக்கியக் கணக்கில் விடை எழுதிய பிறகு கேள்வியை இன்னொரு முறை படிக்கச் சொல்லுங்கள்.

எழுத்தில் போடும் கணக்குகளுக்குக் கடைசியாகத்தான் வந்தோம். பழைய நோட்டுகளை எடுத்து, தப்பான விடைகளை மட்டும் பார்த்து, "இது எப்படி வந்ததுன்னு எனக்குச் சொல்லு" என்று கேட்டேன். குரலில் அதட்டல் இல்லாமல் கேட்பது எனக்கு முதல் சில நாள் கஷ்டமாக இருந்தது. ஆனால் சொல்லச் சொல்ல ஆச்சரியமாக இருந்தது. 47×6க்கு 482 என்று எழுதியிருந்தாள். ஆறேழு 42, 2 போட்டு 4 மனதில். அந்த நான்கை 4 பத்தோடு முதலிலேயே கூட்டி 8 ஆக்கி, பிறகு ஆறால் பெருக்கியிருக்கிறாள். பெருக்கிய பிறகல்லவா கூட்ட வேண்டும்? விடை 282. 34×26க்கு 272. இரண்டாவது வரியில் 34ஐப் பெருக்கியது 2 அல்ல 20 என்பது தெரியாததால், 204க்குக் கீழே 680 எழுதாமல் 68 எழுதிக் கூட்டியிருக்கிறாள். 884 வர வேண்டும். இவற்றை நான் கவனக்குறைவு என்று திட்டியிருக்கிறேன். கவனமாகத்தான் போட்டிருக்கிறாள், தவறான ஒரு விதியைக் கவனமாகப் பின்பற்றியிருக்கிறாள். தப்பான விடைக்குச் சிவப்பு மையில் குறுக்குக்கோடு போடுவதற்கு முன் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

618க்கும் வந்தோம். "6ல் ஆறு ஒரு தடவ போகும். ஒண்ணை இறக்கணும். ஒண்ணுல ஆறு போகாது. எட்டை இறக்கணும். பதினெட்டுல மூணு தடவ." அவள் சொன்னதெல்லாம் சரிதான். போகாதபோது ஈவில் 0 போட வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிட்டாள். அதை விதியாகச் சொல்லாமல், "618ல 600 இருக்கா?" என்று கேட்டேன். இருக்கு. "600ஐ ஆறு பேருக்குப் பங்கு போட்டா?" நூறு. "மிச்சம் 18ஐ?" மூன்று. நிறுத்திவிட்டாள். தன் தாளில் இருந்த 13ஐப் பார்த்தாள். "ஆளுக்கு நூறு வந்தப்புறம் எப்படிம்மா பதிமூணு வரும்?" என்று அவளே கேட்டாள். அன்று முதல் எந்த வகுத்தலுக்கும் முதலில் உத்தேசமாக ஒரு விடை சொல்லிவிட்டுத்தான் பென்சிலை எடுப்பாள். முடித்த பிறகு ஈவை வகுத்த எண்ணால் பெருக்கி, மீதியைக் கூட்டிச் சரிபார்ப்பாள்.

பள்ளியில் பேசியதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் தயங்கினேன், பிறகு போய் வகுப்பு ஆசிரியையிடம் இரண்டே விஷயம் கேட்டேன். நீங்கள் எந்த முறையில் சொல்லிக்கொடுக்கிறீர்கள், வீட்டிலும் அதே முறையில் சொல்கிறேன் என்பது ஒன்று. இரண்டு பேர் இரண்டு முறை சொன்னால் குழந்தை நடுவில் மாட்டிக்கொள்ளும். நேரம் வைத்து நடத்தும் வாய்ப்பாட்டுத் தேர்வில் சில மாதம் அவளுக்கு நேரக்கெடு வேண்டாம் என்பது இன்னொன்று. மறுக்காமல் ஒப்புக்கொண்டார். நான் ஒரு வருடம் முன்பே போயிருக்கலாம். இன்னொன்றும் முக்கியம். இப்படியெல்லாம் பொறுமையாகச் செய்தும், நான்கைந்து பொருள்களைக்கூட எண்ணாமல் சொல்ல முடியாமல், எந்த எண் பெரியது என்பதிலேயே குழந்தை திணறினால் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். டிஸ்கால்குலியா என்று ஒரு கற்றல் குறைபாடு உண்டு. சிறப்புக் கல்வி அறிந்தவர்களிடம் காட்டிப் பரிசோதித்துக்கொள்வதில் தவறே இல்லை.

எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது. வயிற்றுவலி இரண்டாம் மாதமே நின்றுவிட்டது. இப்போது ஐந்தாம் வகுப்பு. வேகம் இன்னும் குறைவுதான், 7×8 கேட்டால் இன்றைக்கும் ஒரு நொடி 49ல் நின்றுவிட்டுத்தான் 56க்குப் போகிறாள். போகட்டும். தாள்களை ஒளித்து வைப்பதில்லை.

அவள் தம்பி இப்போது இரண்டாம் வகுப்பு. பொத்தான் டப்பா அவனிடம் போய்விட்டது. நேற்று 13 பொத்தானை மூன்று வரிசையாக அடுக்கப் பார்த்தான். ஒன்று மிஞ்சியது. எந்த வரிசையில் வைத்தாலும் சமமாக வரவில்லை என்று அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். நான் எழுந்து போவதற்குள் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, "அது மீதிடா, அதைத் தனியா வை" என்றாள். "இதை உடைச்சு மூணு பேருக்கும் கொடுக்கக் கூடாதா?" என்று கேட்டான். அவள் கொஞ்ச நேரம் பொத்தானைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "பொத்தானை உடைக்க முடியாது. உடைக்கிற மாதிரி வேற ஏதாவது இருந்தா கொடுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, வீட்டில் அப்படி என்ன இருக்கிறது என்று தேட எழுந்து போனாள்.